ஊர்க் கிணற்றடியைத் திருத்தப் போகிறீர்களா? தண்ணீர் போகிற வழியை முதலில் பாருங்கள்

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகிற வீதியில் இறங்கி, உள்ளே இரண்டு கட்டை நடந்தால் எங்கள் ஊர். ஊருக்கு நடுவில் ஒரு பொதுக் கிணறு இருக்கிறது. வாய் பத்தடி அகலம், உள்ளே கல்லுக் கட்டு, பக்கத்தில் ஒரு மருதமரம். நான் அதில் முழுகி வளர்ந்தவன். போன வருடம் அந்தக் கிணற்றடியை ஊராகச் சேர்ந்து திருத்தினோம். மேசன் வேலை என் பொறுப்பு. அதற்குப் பிறகு மூன்று ஊர்களிலிருந்து வந்து, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இந்த வேலையை நான் படித்தது வன்னியில் இல்லை, ஜப்பானில். ஐந்து வருடம் தோக்கியோவுக்குப் பக்கத்தில் இருக்கிற சைத்தாமாவில் பழைய வீடுகளை உடைக்கிற வேலையில் இருந்தேன். உடைத்த மரத்தை வெட்டிக் கட்டி, பக்கத்தில் இருந்த ஒரு பொதுக் குளியல்கூடத்துக்கு லொறியில் கொண்டுபோய்க் கொடுப்போம். அதற்கு ‘செந்தோ’ என்று பெயர். எங்கள் மரத்தை எரித்துத்தான் அவர்கள் தண்ணீர் சுட வைத்தார்கள். வேலை முடிந்து உடம்பெல்லாம் தூசியோடு போனால் அங்கேயே குளிக்கலாம். முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சவர்க்காரம் போட்டு உடம்பைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். பிறகுதான் பெரிய தொட்டிக்குள் இறங்கலாம். தொட்டித் தண்ணீர் ஏறத்தாழ 42 பாகை இருக்கும். முதல் நாள் கால் வைத்துவிட்டு வெளியே பாய்ந்தேன், ஒரு மாதத்தில் அது இல்லாமல் நித்திரை வராது என்றாகிவிட்டது.

1968 அளவில் ஜப்பான் முழுவதும் ஏறத்தாழ 18,000 செந்தோ இருந்ததாம். இப்போது இரண்டாயிரத்துக்கும் குறைவு. வீட்டுக்கு வீடு குளியலறை வந்துவிட்டது, கூரையும் பைப்பும் பழுதாகிவிட்டன, நடத்தினவர்களுக்கு வயதாகிவிட்டது. நான் மரம் கொடுத்த செந்தோவைத் திருத்த முடிவெடுத்தபோது என்னையும் கூலிக்குக் கூப்பிட்டார்கள். நாலு மாத வேலை.

முதல் நாள் அலவாங்கோடு போய் நின்றேன். தலைமை மேசனை அங்கே ‘ஒயாகத்தா’ என்பார்கள், எழுபது வயது மனிதர். அவர் ஒன்றையும் உடைக்க விடவில்லை. ஒரு வாளி தண்ணீரைத் தரையில் மெதுவாகச் சரித்து ஊற்றினார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எந்தத் தளக்கல்லின் ஓரத்தில் சத்தமில்லாமல் உள்ளே இறங்குகிறது என்று அரை மணித்தியாலம் பார்த்தார். தேங்கின இடமெல்லாம் சோக்கால் வட்டம் போட்டார். அடுத்த வாளி, அடுத்த இடம். அன்றைக்கு முழுவதும் இதுதான் வேலை.

உங்கள் கிணற்றடியிலும் முதல் நாள் வேலை இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு வாளி தண்ணீர், ஒரு பிடி உமி. தண்ணீரை ஊற்றி உமியைத் தூவுங்கள். உமி போகிற வழி தண்ணீர் போகிற வழி, உமி சுற்றிக்கொண்டு நிற்கிற இடம் பள்ளம். கரித்துண்டால் வட்டம் போட்டு வையுங்கள்.

இரண்டாவது பரிசோதனை இன்னும் முக்கியம். வெள்ளை உடுப்புக்குப் போடுகிற நீலத்தை ஒரு வாளியில் நன்றாகக் கரைத்து, கிணற்றுக் கட்டும் வெளித்தளமும் சேருகிற மூலையில் சுற்றிவர ஊற்றுங்கள். ஊற்றிவிட்டு ஒருவர் கிணற்றுக்குள் எட்டி, டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். எங்கள் கிணற்றில் பத்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. சரி, நல்ல கட்டுத்தான் என்று நினைத்தேன். பிறகு வடக்குப் பக்கத்தில், மேலிருந்து நாலாவது கல் வரிசைக்கு நடுவில் ஒரு துளி நீலம் வந்தது. அது கல்லின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, நூல்போல நீண்டு தண்ணீரில் விழுந்தது. அப்படி மூன்று இடம். ஊர் குளித்து, உடுப்புத் தோய்த்து ஊற்றின சவர்க்காரத் தண்ணீரெல்லாம் இத்தனை வருடமாக அந்த வழியால் திரும்பக் கிணற்றுக்குள்ளேதான் போயிருக்கிறது. பார்த்துக்கொண்டு நின்ற ஒருவரும் பேசவில்லை. அதுவரை “சுவருக்குத் தளக்கல் ஒட்டுவோம், வாசலில் வளைவு கட்டுவோம்” என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களும் அதோடு விட்டுவிட்டார்கள். உங்கள் ஊரில் பணத்தை எதில் போடுவது என்று வாக்குவாதம் வந்தால் இதைச் செய்து காட்டுங்கள்.

எப்போது தொடங்குவது

ஆவணி, புரட்டாதிதான் காலம். ஐப்பசியில் மழை பிடித்தால் கொங்கிறீற்று வேலை நாசமாகும். கிணற்றுத் தண்ணீரும் இந்த இரண்டு மாதத்தில்தான் அடிமட்டத்தில் இருக்கும். மாரியில் நிறைந்து நிற்கிற கிணற்றை ஒரேயடியாக இறைத்து வெறுமையாக்கக் கூடாது. வெளியே மண்ணுக்குள் நிற்கிற தண்ணீர் கட்டை உள்பக்கமாகத் தள்ளும். தாங்கி நின்ற தண்ணீரை நீங்கள் எடுத்துவிட்டால் பழைய கல்லுக் கட்டு சரிந்துவிடும். கோடையிலும் பாதி இறைத்து, கொஞ்சம் பொறுத்து, மறு பாதியை இறையுங்கள்.

வன்னிக்கென்று ஒரு எச்சரிக்கை இருக்கிறது. 2009-க்குப் பிறகு ஒருவரும் இறங்காத, தூர்ந்துபோன கிணறு என்றால் தொடாதீர்கள். கிணறுகளுக்குள் என்னென்ன எறியப்பட்டன என்று நமக்குத் தெரியும். கிராம சேவையாளரிடமோ பொலிசிடமோ சொல்லி, வெடிபொருள் அகற்றுகிறவர்கள் வந்து பார்த்த பிறகுதான் ஒரு வாளி மண்ணாவது எடுக்க வேண்டும். எங்கள் கிணறு மீள்குடியேறின காலத்திலேயே பார்க்கப்பட்ட கிணறு. அப்படியிருந்தும் சேறு அள்ளும்போது இரும்பாக ஏதாவது தட்டுப்பட்டால் கையை எடுத்துவிட்டு மேலே வா என்று சொல்லித்தான் பெடியளை இறக்கினேன்.

இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்டியிருக்க வேண்டும், மேலே இரண்டு பேர் அந்தக் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். டீசலிலோ பெற்றோலிலோ ஓடுகிற பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. அதன் புகையில் இருக்கிற ஒரு நச்சு வாயு மணமில்லாமல் ஆளைக் கொல்லும். எரிகிற விளக்கை இறக்கி, அணையவில்லையென்றால் பயமில்லை என்பார்கள். விளக்கு அணைந்தால் கட்டாயம் இறங்கக் கூடாது, அது சரி. அணையாவிட்டாலும் அந்த நச்சு வாயு உள்ளே இருக்கலாம். பம்பைத் தள்ளி வைத்து ஓட்டுங்கள், இலைக்கொப்பைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்குங்கள். உள்ளே இருப்பவர் மயங்கினால் அடுத்தவர் குதிக்கக் கூடாது, கயிற்றால் தூக்க வேண்டும். ஒருவரைக் காப்பாற்ற இறங்கி இரண்டு பேராகச் செத்த கதைகள் நம் பகுதியில் இருக்கின்றன.

கட்டுக்குள் அரசங்கன்று முளைத்திருந்தால் மேலால் வெட்டிப் பயனில்லை, மறு மாரியில் இரண்டாக வரும். வேர் ஓடின கற்களைக் கழற்றி, வேரை முழுதாக எடுத்து, கற்களைத் திரும்ப அடுக்கிச் சாந்து போட வேண்டும். அரசை வெட்ட எங்கள் ஊரில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. வேரோடு எடுத்துக் குளக்கட்டுக்குக் கீழே நட்டோம், பிடித்துவிட்டது.

பெண்களிடம் கேளுங்கள், ஆண்கள் இல்லாத நேரத்தில்

இதை நான் பிழையாகத் தொடங்கித்தான் திருத்தினேன். முதல் கூட்டத்தில் எல்லாரும் இருந்தார்கள், ஆண்கள்தான் பேசினார்கள். பெண்கள் பக்கத்துக்கு ஏழடிச் சுவர் என்று முடிவெடுத்து எழுதியும் விட்டோம். அடுத்த நாள் மாதர் சங்கத்தில் பெண்கள் மட்டும் கூடினார்கள். அங்கே ஒரு அக்கா சொன்னா: “சுவரை அவ்வளவு உயத்திக் கட்டினா, நாங்கள் உள்ளுக்க நிண்டு கத்தினாலும் ஒருத்தருக்கும் கேக்காது.”

செந்தோவில் ஆண் பக்கத்துக்கும் பெண் பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் கணவன் “நான் முடிச்சிட்டன், வெளிக்கிடுவமா?” என்று கூப்பிட, அந்தப் பக்கம் மனைவி பதில் சொல்வது கேட்கும். பார்வை போகாது, சத்தம் போகும். அக்கா கேட்டதும் அதைத்தான். ஆறடிச் சுவர் கட்டினோம். மேல் இரண்டு வரிசைக்கு ஓட்டைக் கல் வைத்தோம். வாசலுக்குக் கதவு போடாமல், சுவரை ஒன்றுக்கு முன் ஒன்றாக மறைத்து வளைத்து விட்டோம். கதவென்றால் ஒரு வருடத்தில் பிணைச்சல் துருப்பிடித்துத் தொங்கும். பிறகு சுவருக்கே மதிப்பில்லை.

பெண்கள் கேட்ட மற்றவை: உடுப்புக் கொளுவக் கம்பி, அதுவும் தண்ணீர் தெறிக்காத பக்கத்தில். இடுப்புயரத்தில் ஒரு தோய்க்கிற கல், குனிந்து தோய்த்து நாரி நோகிறது என்றார்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஒரு விளக்கு. மாதவிலக்கு நாளில் துணி கழுவ, தனி நீர்ப்போக்கோடு ஒரு மூலை. இந்தக் கடைசியை ஆண்கள் இருந்த கூட்டத்தில் ஒருத்தியும் சொல்லியிருக்க மாட்டாள்.

வெளித்தளம்

இதுதான் வேலையின் உயிர். பழைய தளம் வெடித்திருந்தால் மேலே சாந்து பூசி மறைக்காதீர்கள், முழுவதையும் உடைத்து எடுங்கள். அது வெடித்ததற்குக் காரணம் கீழே இருக்கிறது, அடி மண் இறுகவில்லை. ஆறு அங்குலத்துக்குக் கிறவல் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசால் இடித்து இறுக்குங்கள். குதிக்காலால் ஓங்கி மிதித்தால் அடையாளம் விழக் கூடாது.

எங்கள் கிணற்றுக் கணக்கைச் சொல்கிறேன். விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, ஆகவே பொருளின் அளவை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டோடு சேர்த்துக் கிணறு 12 அடி, அதைச் சுற்றி 6 அடி அகலத்துக்கு 4 அங்குலத் தளம். ஏறத்தாழ 340 சதுர அடி வரும். சீமெந்து ஒன்றுக்கு மணல் இரண்டு, சல்லி நாலு என்ற கலவைக்கு 22 பை சீமெந்து, அரை கியூப் (ஒரு கியூப் என்பது நூறு கன அடி) மணல், ஒரு கியூப் முக்கால் அங்குலச் சல்லி போதும். உள்ளே கம்பி வலை ஒன்று விரித்தோம்.

அடிக்குக் கால் அங்குலம் வீதம் வெளிப்பக்கமாகச் சாய்வு வேண்டும். ஆறடிக்கு ஒன்றரை அங்குலம். பார்த்தால் சாய்வென்றே தெரியாது, ஆனால் தண்ணீருக்குத் தெரியும். வெளி ஓரத்தில் நாலு அங்குல வரம்பும், வரம்போடு ஒட்டி வாய்க்காலும். தளத்தை ஒரே பாளமாக ஊற்றாமல் எட்டுத் துண்டாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாக ஊற்றுங்கள். இடைவெளிக்குத் தார். வெடிக்க வேண்டியது அந்தக் கோட்டில் வெடிக்கும், நடுவில் வெடிக்காது.

நீலம் இறங்கின மூலை இருக்கிறதே, அங்கே அவசரப்படாதீர்கள். பழைய சாந்தை உளியால் இரண்டு அங்குல ஆழத்துக்குத் தோண்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, கழுவி, சீமெந்துப் பால் தடவி, சீமெந்து ஒன்றுக்கு மணல் மூன்று போட்ட சாந்தால் இறுக்கி அடையுங்கள். கடைசியில் சுவரும் தளமும் சேருகிற மூலையைச் சதுரமாக விடாமல், ஒரு போத்தலின் பக்கத்தால் இழுத்து வளைவாக்குங்கள். சதுர மூலையில் தண்ணீர் நிற்கும், வளைவில் வழிந்துவிடும். செந்தோவில் ஒயாகத்தா எந்த மூலையையும் சதுரமாக விடவில்லை.

தளத்தை மெழுகிப் பளபளப்பாக்க வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். முன்பு ஒரு திட்டத்தில் எங்கள் கிணற்றடிக்குச் சிவப்புச் சீமெந்து பூசி, கண்ணாடிபோல மெழுகிக் கொடுத்தார்கள். படம் எடுக்க வடிவாக இருந்தது. நீர்ப்போக்கு வைக்கவில்லை. இரண்டாவது மாரியில் பாசி பிடித்தது. என் பெரியம்மா வாளியோடு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தா. பிறகு அவ நடக்கவில்லை. கொங்கிறீற்று அரைவாசி இறுகின நேரத்தில் ஈர்க்கு விளக்குமாற்றால் சாய்வின் திசையில் ஒரே இழுவையாக இழுங்கள். அந்தக் கீறல் காலைப் பிடிக்கும், தண்ணீரும் அதன் வழியே ஓடும். இழுத்த பிறகு சாக்கு விரித்து ஏழு நாள் ஈரமாக வைத்திருங்கள். அந்த ஏழு நாளும் ஒருவரும் மிதிக்கக் கூடாது. ஊருக்குக் குளிக்க வேறு கிணறு ஒழுங்கு செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

வயதானவர்களுக்கு 17 அங்குல உயரத்தில் ஒரு திண்ணை, பக்கத்தில் ஒன்றரை அங்குல இரும்புப் பைப்பில் ஒரு கைபிடி. பைப் ஓரடி ஆழம் கொங்கிறீற்றுக்குள் நிற்க வேண்டும். ஜப்பானிய முக்காலி மிகவும் தாழ்வு, அதில் உட்கார்ந்த கிழவர்கள் எழும்பப் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அதை நாம் எடுக்க வேண்டாம்.

போகிற தண்ணீர்

வாய்க்கால் முடிகிற இடத்தில் இரண்டடிச் சதுரக் குழி, தூக்கக்கூடிய மூடி. மண்ணும் தலைமயிரும் சவர்க்காரக் கட்டியும் அதில் படியும். அதிலிருந்து நாலு அங்குலப் பைப், எட்டடிக்கு ஓர் அங்குலச் சரிவில், கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்கு அப்பால், பள்ளமான பக்கத்துக்கு. அங்கே வாழையும் கல்வாழையும் வைத்தோம். மலசலகூடக் குழி எதுவும் கிணற்றுக்கு நூறடிக்குள் இருக்கக் கூடாது. எங்களிடம் ஒன்று எழுபது அடியில் இருந்தது. அந்த வீட்டுக்காரரோடு பேசி இடம் மாற்ற மூன்று வாரம் போனது, இருந்தாலும் செய்தோம்.

மேலே ஆயிரம் லீற்றர்த் தாங்கி வைத்து, பக்கத்துக்கு இரண்டு குழாய் போட்டோம். ஆளுக்கொரு வாளி கிணற்றுக்குள் இறங்குவது அதோடு நின்றது. கப்பியைக் கழற்றவில்லை. கரண்ட் நின்றால் அதுதான் வழி. ஒரு கயிறு, ஒரு வாளி, இரண்டும் கம்பியில் தொங்க வேண்டும், நிலத்தில் வைக்கக் கூடாது. செந்தோவில் குழாய்க்குக் ‘கரன்’ என்று பெயர். ஒல்லாந்தச் சொல்லாம். அலுவலகத்தை நாம் கந்தோர் என்று சொல்வதும் அதே ஒல்லாந்தர் விட்டுப் போனதுதான் என்று தெரிந்த நாளில் எனக்கு ஊர் நினைவு வந்துவிட்டது.

எல்லாம் முடிந்த பிறகு கிணற்றை இறைத்து, ஊற விட்டு, குளோரின் தூள் போட வேண்டும். அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். அவர் முதலில் கேட்பது எத்தனை லீற்றர் தண்ணீர் என்பதுதான். கிணற்றின் அகலத்தை அதே அகலத்தால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 22 ஆல் பெருக்குங்கள். எல்லா அளவும் அடியில். எங்களுக்கு 10 × 10 × 6 × 22, அதாவது 13,200 லீற்றர். தூளை வாளியில் கரைத்து, தெளிந்த தண்ணீரைச் சுற்றிவர ஊற்றி, ஒரு நாள் முழுவதும் ஒருவரும் தொடாமல் விட்டு, மணம் போகும்வரை இறைக்க வேண்டும். அந்தத் தண்ணீர் வாழைக்குப் போகக் கூடாது.

பிறகு திரும்பவும் நீலம். அதே மூலை, அதே டோர்ச். நாங்கள் ஒரு மணித்தியாலம் பார்த்தோம். கல் காய்ந்தபடியே இருந்தது.

நிறம் பூசுவது கடைசி வேலை. தோக்கியோ செந்தோக்களின் சுவரில் பியூஜி மலை பெரிதாக வரைந்திருக்கும். 1912-இல் கண்டாப் பகுதியில் ஒரு செந்தோவில் தொடங்கின பழக்கம் என்று சொல்வார்கள். நாங்களும் வெளிச் சுவரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் விட்டோம். இரணைமடுக் குளம் வான் பாய்கிறதை வரைந்திருக்கிறார்கள். தண்ணீருக்கு நீலம் போதாமல் கடைசியில் பச்சை கலந்திருக்கிறது.

மண் குழியை மாதம் ஒருமுறை வார வேண்டும். வீட்டு வரிசைப்படி முறை வைத்து, பெயர்களை எழுதிக் கப்பித் தூணில் ஒட்டியிருக்கிறோம். இந்த மாதம் எங்கள் ஒழுங்கைக்கு. சனிக்கிழமை காலை மூடியைத் தூக்க ஒரு அலவாங்கும், வாரிப் போட ஒரு பழைய தாச்சியும் வேண்டும்.